அறுபது கையெழுத்தும் சாஹாத் மூப்பரும்

சாஹாத் சிமர்மாத்தாவைப் பற்றி இன்று எங்கள் சபையில் யாரிடம் கேட்டாலும், ஒன்று பேச்சை மாற்றுவார்கள், இல்லையென்றால் திட்டுவார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவள். நெஞ்சில் இருக்கிறதை இறக்கி வைக்காமல் தூக்கம் வரவில்லை என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என் பெயர் ருமோண்டாங். லெவிசாரி பட்டாக் இனக் கிறிஸ்தவ சபையின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. இந்த விவகாரத்தில் என் தப்பும் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை.

சாஹாத், எங்கள் பட்டாக் மக்களின் பூர்வீகமான தோபா ஏரிக்கரையிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி ஜகார்த்தா வந்தவர். சில வருடம் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். பிறகு ஜகார்த்தாவை ஒட்டிய லெவிசாரி திருப்பத்தில், சாலையோர வாகை மரத்தடியில் பஞ்சர் கடை போட்டார். ஒரு கம்பரசர், டியூப்பை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, வந்தவர் உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. தொண்டை மட்டும் கடைக்குள் அடங்காது. "என்னய்யா டயர் இது, என் மண்டைய விட வழுக்கையா இருக்கு!" என்று அவர் கத்தினால் நெல்வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். காற்றடிக்க யாரிடமும் காசு வாங்கமாட்டார். காற்றுக்கா காசு என்பார்.

எதிர்ப்பக்கம் உடுங்கின் கோழிக்கஞ்சி வண்டி. உடுங் இந்த ஊர்க்காரர், சுந்தா இனத்து ஆள், ஐந்து வேளை தொழுகிறவர், ஒல்லியாய், அமைதியாய் இருப்பார். எங்கள் ஆட்கள் எந்த ஆண்பிள்ளையைப் பார்த்தாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். சாஹாத் கூப்பிட்டுக் கூப்பிட்டு உடுங்குக்கும் அது ஒட்டிக்கொண்டது. "இருபது வருஷமா மச்சான் மச்சான்றான், எந்த அக்காவ எனக்குக் கட்டிக் குடுத்தான்னுதான் தெரியல" என்று உடுங் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். உடுங்கின் மனைவி எந்தினுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாஹாத்தான் கடையை அடைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்.

சபை கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஒரு ராணுவக்காரர் வீட்டுக் கூடத்தில் பதினோரு குடும்பமாக ஆரம்பித்தோம். பட்டாக் ஆட்கள் பாடினால் ஓடு பறக்கும். அக்கம்பக்கம் முகம் சுளித்தது, இடம் மாறினோம். மூடிக்கிடந்த மரக்கடை, ஒரு கார் ஷெட், ஒரு கடைமாடி என்று நாலு இடம். தொண்ணூற்றெட்டில் எல்லோருமாகச் சேர்ந்து வயலோரம் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். இடுப்பளவு சுவர், மேலே தகரம், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். அதற்குமேல் ஒரு செங்கல் வைப்பதென்றாலும் அனுமதி வேண்டும். புது விதிப்படி அனுமதிக்குச் சபையார் தொண்ணூறு பேருடைய அடையாள அட்டை வேண்டும், வேறு மதத்து அக்கம்பக்கத்தார் அறுபது பேருடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டும். தொண்ணூறுக்குப் பஞ்சமில்லை, எங்களிடம் நூற்றெழுபது பேர் இருந்தார்கள். அறுபதுதான் மலையாய் நின்றது.

நாங்கள் டீ போடுவதற்கே கமிட்டி போடுகிற சாதி. பதினாறு பேர் கமிட்டி அமைத்தோம், மூன்று கூட்டம் நடத்தினோம், கையெழுத்து ஒன்றுகூட வரவில்லை. நாலாவது கூட்டத்தில், எங்கள் சபை மூப்பர்களில் ஒருவரான சாஹாத் எழுந்தார். "அந்தப் பாரத்த என்கிட்ட குடுங்க. நீங்க தீர்மானம் நிறைவேத்திக்கிட்டே இருங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சர் ஒட்ட இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். சாஹாத் சுற்றி வளைக்கமாட்டார். நாங்க கோயில் கட்டணும், உங்களுக்கு ஆட்சேபம் இருக்கா, இல்லன்னா இங்க ஒரு கையெழுத்து, அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ். அதோடு ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்குக் கொடுத்தார்: "இந்தத் தாள் ஆபீஸ் ஃபைலுக்குள்ள போகும். வேற ஒருத்தர் கண்ணுல படாது."

முதல் கையெழுத்து உடுங்குடையது. அப்போது நானும் அங்கே கஞ்சி வாங்க நின்றேன்.

"எங்கய்யா போடணும்?" என்றார் உடுங்.

"படிச்சுப் பாரு மச்சான் முதல்ல."

"நீ எழுதினத எவன் படிக்கிறது? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"டைப் அடிச்சதுய்யா அது. தோ, இந்தத் தங்கச்சி அடிச்சது."

"அப்ப சரி" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆனாலும் முழுவதையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் போட்டார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பதினொரு மாதத்தில் அறுபத்தேழு கையெழுத்துச் சேர்ந்தது. விண்ணப்பம் உள்ளே போயிற்று. அன்றைக்கே சபையில் நன்றி ஆராதனை என்று முடிவாயிற்று. அங்கேதான் விழுந்தோம்.

எங்களிடம் ஒரு வழக்கம். நல்லது செய்தவன் பெயரை நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் யார் மீன் கொண்டுவந்தார்கள், யார் சால்வை போர்த்தினார்கள் என்று ஒன்று விடாமல் அறிவிப்போம். ஞாயிறு ஆராதனையிலும் அப்படித்தான், அரிசி கொடுத்தவர் முதல் பூ வைத்தவர் வரை அறிவிப்பில் பெயர் வரும், தாளிலும் அச்சாகும். என் கல்யாணத்தில் என் சித்தப்பா பெயர் விட்டுப்போய், பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை மனுஷன். பெயர் சொல்லாத நன்றி எங்களுக்கு அவமானம்.

சாஹாத் அறுபத்தேழு பெயரையும் குறுக்குச் சந்து எண்ணோடு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பாதியில் நிறுத்தி, "மூப்பரே, இது தாள்ல வரணுமா?" என்று கேட்டேன்.

"பின்ன? 'நல்ல மனசுக்காரங்க சில பேரு'ன்னு போடுவியா? அவங்க என்ன பேரில்லாத அனாதைங்களா?"

"அதுக்கில்ல..."

"நம்ம சபைக்குள்ள நம்ம ஆளுங்க கேக்கப் போறாங்க. அடி தங்கச்சி."

அடித்தேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை என்பதுதான் உண்மை. அந்த ஞாயிறு அவர் பெயர்களை வாசித்தபோது பலர் அழுதார்கள். போதகர் சித்தோருஸ் ஒவ்வொரு பெயருக்காகவும் ஜெபித்தார். ஆராதனை முடிய மதியம் ஒன்றரை ஆயிற்று, யாருமே கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மிஞ்சிய தாள்களை மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். எப்போதும் செய்கிறதுதான். அதை நினைத்தால் இப்போதும் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பஸ் நிலையத்தில் வாழைப்பழ பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் யாரோ தன் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் படித்திருக்கிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை லெவிசாரியில் எல்லா விளக்குக் கம்பத்திலும் எங்கள் அறிவிப்புத் தாளின் ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது. மேலே எங்கள் சபை முத்திரை, கீழே அறுபத்தேழு பெயர். வேறு ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒன்றும் எழுதாமல் விட்டதுதான் பயமுறுத்தியது.

இரண்டு நாள் கழித்து ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. மறுநாள் இன்னும் இரண்டு கோடு. கோடு விழுந்த வீட்டுக்கு முந்தின நாள் மாலை ஹில்மான் போயிருப்பார். ஹில்மான் வெளியூர்க்காரர். ஆறேழு மாதமாக இங்கே வாடகைக்கு இருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், மெல்லத்தான் பேசுவார். போகிற வீட்டுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போவார். உடல்நலம் விசாரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "உங்க வீட்ல ஒரு மவுத்து விழுந்தா, உடலக் குளிப்பாட்ட யார் வருவா? தொழ யார் நிப்பா? நான் தடுக்கமாட்டேன். மத்தவங்க மனச நான் எப்படிச் சொல்ல முடியும்?" பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஐந்தாவது சந்து சிச்சிஹ் அக்கா பஞ்சர் கடைக்கு அழுதுகொண்டே வந்தார். "அண்ணே, வேற யார் கண்ணுலயும் படாதுன்னீங்களே" என்று அவர் கேட்டபோது சாஹாத்துக்குத் தொண்டையே போய்விட்டது. "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மாதத்தில் ஏழு பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். சிச்சிஹ் அக்கா மட்டும் வீடு வரை போய், யோசித்து, திரும்பப் பெறவில்லை. சரியாக அறுபது நின்றது. இன்னும் ஒன்று போனால் சபை போயிற்று.

உடுங் வண்டியில் கஞ்சி மிஞ்ச ஆரம்பித்தது. காலை எட்டுக்குக் காலியாகிற அண்டா பதினொன்றுக்கும் பாதி நிற்கும். சாஹாத் தினமும் மூன்று கிண்ணம் வாங்கிக் குடித்தார். நான்காவதை உடுங் கொடுக்க மறுத்தார்.

"திரும்ப வாங்கிடு மச்சான். நாங்க வேற ஆள் பாத்துக்கிறோம்" என்றார் சாஹாத்.

"வேற ஆள் எங்க இருக்கான்? இப்ப உன் பெஞ்சுல எவன் உக்கார்றான்?"

"எந்தின நெனச்சுப் பாருய்யா."

"அவளக் கேட்டுட்டுத்தான் போட்டேன். போய் டியூப்ப ஒட்டு."

இப்படி ஒற்றைக்காலில் நின்றால் என்ன செய்வது? எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஒளிப்பானேன். அந்த மனுஷன் உறுதியாக நிற்கட்டும், எங்கள் கோயில் வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வட்ட அலுவலகக் கூடத்தில் விசாரணை வைத்தார்கள். கையெழுத்துப் போட்டவர் ஒவ்வொருவரும் நேரில் எழுந்து, தெரிந்துதான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அறுபது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒரு லாரியில் ஒலிபெருக்கி. அதில் ஒருவர் நல்ல உச்சரிப்போடு, நிதானமாக எங்கள் அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "ஓ" என்றது. வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதிகாரி டீயை மூடி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாஹாத்தின் கைப்பேசி அடித்தது. அவர் மனைவி லம்ரியா. பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "எந்தின் வீட்டு வாசல்ல ரெண்டு பேரு பைக்க நிறுத்திட்டு உக்காந்திருக்காங்க. காலையில இருந்து. யாருன்னு கேட்டா சிரிக்கிறாங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரி நாளு, இவளக் கூட்டிட்டுப் போக விடமாட்டேங்கிறாங்க. உடுங் அண்ணன் வாய்ல இருந்து என்ன வருதுன்னு தெரியட்டும், அப்புறம் போலாங்கிறாங்க."

சாஹாத் கைப்பேசியை மூடிச் சட்டைப்பையில் போட்டார். அதே நேரம் அதிகாரி கூப்பிட்டார்: "வரிசை எண் ஒண்ணு. உடுங்."

உடுங் எழுந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இந்தக் கையெழுத்து நீங்க தெரிஞ்சு போட்டதா?" என்று அதிகாரி கேட்டார். அவர் வாயைத் திறந்தார்.

"தெரியாது ஐயா அவனுக்கு!" சாஹாத்தின் தொண்டை திரும்பி வந்துவிட்டது. எழுந்து நின்றிருந்தார். "வெள்ள நிவாரண அரிசிக்குன்னு சொல்லி வாங்கினேன். மேல ஒரு தாள வெச்சு மறைச்சு வாங்கினேன்."

உடுங் திரும்பி, "என்னய்யா உளர்ற?" என்றார். வெளியே ஒலிபெருக்கி சத்தத்தில் அது முன்வரிசைக்கு மேல் கேட்கவில்லை.

"இவர்கிட்ட மட்டுமா?" என்றார் அதிகாரி.

சாஹாத் வரிசையைப் பார்த்தார். சிச்சிஹ் அக்கா முக்காட்டு நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஐம்பத்தெட்டு பேர். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லிடாதீங்க, மூப்பரே, சொல்லிடாதீங்க" என்று கத்தினேன்.

"எல்லார்கிட்டயும்தான் ஐயா" என்றார்.

சிச்சிஹ் அக்கா தலையைக் குனிந்துகொண்டு விம்மினார். அது நிம்மதியா வெட்கமா, எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் இருவர் சாஹாத்தை அழைத்துப் போனார்கள். கதவு திறந்தபோது ஹில்மான் வழிவிட்டு ஒதுங்கி நின்று, "பார்த்து, படி இருக்கு ஐயா" என்றார். வெள்ளிக்கிழமை எங்கள் நிலத்து வாசலில் சீல் வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு சபை கூடியது, யாருடைய வீட்டிலோ, ஜன்னலைச் சாத்திக்கொண்டு. இருபது வருட உழைப்பை ஒரு வாய் தின்றுவிட்டது என்றார்கள். மூப்பர் பதவியைப் பறிக்கக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அவர் பொய் சொன்னார் என்பது எனக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். உடுங் படித்துப் பார்த்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் கோபத்தில் தூக்கினேன். கீழே இறக்கும்போதே கை கூசியது.

தலைமைச் சபை ஒரு வக்கீலை அனுப்பியது. மிரட்டலுக்குப் பயந்து சொன்னேன் என்று சாஹாத் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு செய்யலாம், கோயில் கிடைக்க வழி உண்டு என்றார் வக்கீல். சாஹாத் மறுத்தார். "நான் எழுதினா அந்த அறுபது பேரையும் மறுபடி கூண்டுல ஏத்துவீங்க" என்றார். போதகர் போய்க் கெஞ்சினார். "ஐயா, ஒருவாட்டி நான் அவங்க பேர வெளிய விட்டேன். ரெண்டாவது வாட்டி விடமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய வழக்கில் முதல் சாட்சி உடுங். அவர் உண்மையைச் சொன்னால் சாஹாத் வீட்டுக்கு வரலாம். எங்கள் அறுபதுக்கும் உயிர் வரும். லம்ரியா முந்தின நாளே உடுங்கிடம் போய்ச் சொல்லியிருந்தாள், சாஹாத் சொல்லச் சொன்னாராம், ஆமா ஏமாத்தினான்னு சொல்லிடுங்கண்ணே என்று. உடுங் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

நீதிமன்றத்தில் இரண்டாவது வரிசையில் ஹில்மான் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நீதிபதி கேட்டார். உடுங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். மறுபடி கேட்டார். எந்தின் பின்வரிசையில் சுவரில் சாய்ந்திருந்தார், முகம் மஞ்சள் பூத்துப் போய்.

"மச்சான்" என்றார் சாஹாத், கூண்டிலிருந்து. "சீக்கிரம் சொல்லித் தொலைய்யா. கஞ்சி ஆறிடப்போகுது."

நீதிபதி மேசையைத் தட்டினார். உடுங் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா ஐயா. ஏமாத்திட்டாரு" என்றார். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். ஐந்து மாதம் தீர்ப்பாயிற்று.

மூன்றாம் மாதம் எந்தின் இறந்துபோனார். சேதி சொல்ல நான்தான் சிறைக்குப் போனேன். லம்ரியாவால் முடியவில்லை. சாஹாத் மெலிந்திருந்தார். தொண்டையும் சுருங்கியிருந்தது. கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தொழுகைக்கு எத்தன வரிச நின்னாங்க?"

"அஞ்சு வரிச. வாசல் வரைக்கும். நான் எதிர்ல நின்னு எண்ணினேன்."

"சந்தூக்குப் பெட்டிய யார் தூக்கினா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஹில்மானும் ஒரு பக்கம் பிடிச்சாரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உடுங் கொடுத்தனுப்பிய சேதி ஒன்று என்னிடம் இருந்தது. அதையும் சொன்னேன். ஹில்மான் இப்போது தினமும் காலையில் வண்டியில் கஞ்சி குடிக்கிறார், பைசா பாக்கி இல்லாமல் கொடுக்கிறார், தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறார். உன் மச்சான் என்னிக்கு வெளிய வர்றாரு? அதனால் வெளியே வந்தால் லெவிசாரிக்கு வரவேண்டாம், நேரே கப்பல் ஏறி ஏரிக்கரைக்குப் போய்விடச் சொன்னார் உடுங்.

"அதுக்கு அவன் என்ன பதில் சொல்றானாம், ஹில்மானுக்கு?"

"தெரியாதுன்னு சொல்றாராம்."

"தினமும் தெரியாதுன்னு சொன்னா மச்சானுக்கு ஆபத்து" என்றார் சாஹாத். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, காவலருக்குக் கேட்காமல், தன் விடுதலைத் தேதியைச் சொன்னார். "இத உடுங்கிட்ட சொல்லு தங்கச்சி. ஹில்மான் கேக்கறப்ப சொல்லிடச் சொல்லு."